முன் இடது சக்கரம்

லிஃப்டில் ஏறினால் சுப்பராமன் உடனே பட்டனை அழுத்த மாட்டார். கதவு மூடுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். திருப்தியாக இருந்தால்தான் விரல் மேலே போகும். லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தே தலை நரைத்தவர். தி.நகர் துணிக்கடைகளில் தீபாவளிக் கூட்டம் மூச்சு முட்ட ஏறி இறங்கிய லிஃப்டுகளில் பல அவர் பராமரிப்பில் இருந்தவை. அவர் கை வைத்த லிஃப்டில் யாருக்கும் சிராய்ப்புகூட ஏற்பட்டதில்லை. அதை அவராகச் சொல்லிக்கொள்ள மாட்டார். வேறு யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு மந்தைவெளி ஃப்ளாட்டில் அவர் வீட்டுக்கு எதற்காகவும் வெளியாள் வந்தது கிடையாது. மோட்டார், குழாய், மிக்ஸி, மகள் மதுவந்தி தரமணிக்கு வேலைக்கு ஓட்டிப்போகும் வெள்ளைக் கார், எல்லாம் அவர்தான். ஒரு தடவை அவர் இல்லாத சமயம் பார்த்து மனைவி ஸ்ரீலக்ஷ்மி ஏ.சி. சர்வீசுக்கு ஆள் கூப்பிட்டுவிட்டாள். வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

போன வருஷம் மழைக்காலத்தில் அது ஆரம்பித்தது. ஸ்டூலில் ஏறி நின்று ஃபேனை இறுக்கிக்கொண்டிருந்தவர் கையைக் கீழே நீட்டினார்.

"அதை எடு."

"எதை?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

"அதான்... திருகறது."

"ஸ்பேனரா?"

"தெரியறதோல்லியோ, எடேன்!"

எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனவளுக்குக் கொஞ்ச நேரம் எந்த வேலையும் ஓடவில்லை. தன் பெயர் அவருக்கு மறந்திருந்தால்கூட அவள் அவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

அப்புறம் ஒரு நாள் மிக்ஸியைக் கழற்றி மாட்டினார். மேஜைமேல் ஒரு திருகாணி மிஞ்சியது. "கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா போட்டிருக்கான்" என்றார். இன்னொரு நாள் பக்கத்திலிருக்கும் லஸ் கடைத்தெருவுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வெயிலாம். அவர் உள்ளே போனதும் ஆட்டோக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "கோயில் கொளத்தாண்ட நின்னுக்கினு இருந்தாரும்மா. மந்தவெளி எந்தப் பக்கம்னு கேட்டாரு. அதான் இட்டாந்தேன்."

ஸ்ரீலக்ஷ்மி இதை யாரிடமும் சொல்லவில்லை. வாயால் சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்று தோன்றியது. அதற்குப் பதிலாக அவர் பின்னாலேயே போகத் தொடங்கினாள். அவர் மூடிய கேஸை ஒரு தரம் தொட்டுப் பார்ப்பாள். மோட்டார் சுவிட்சைப் பார்ப்பாள். வாசல் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பாள். அவருக்குத் தெரியாமல்தான். காரை மட்டும் அவளால் பார்க்க முடியாது. அதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட ரோட்டில் ஒரு நாள் காரின் முன் இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. இரும்பு ரிம்மின் ஓரம் நசுங்கிவிட்டது. ராத்திரி காற்றடித்து வைத்தால் காலையில் டயர் தொய்ந்து கிடந்தது.

"கடையில குடுத்துடலாம்ப்பா" என்றாள் மதுவந்தி.

"சுத்தியலால தட்டி எடுக்கற வேலை. அதுக்குக் கடையா?"

ஞாயிற்றுக்கிழமை காலை கீழே கார் நிறுத்துகிற இடத்தில் செய்தித்தாளை விரித்துச் சாமான்களைப் பரப்பினார். ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, காற்றை முழுக்க இறக்கி, நசுங்கிய ஓரத்தில் மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் நிதானமாகத் தட்டினார். அந்தச் சத்தம் இரண்டாவது மாடி வரை கேட்டது. ஒரே சீரான சத்தம். ஸ்ரீலக்ஷ்மிக்கு அதைக் கேட்கக் கேட்க மனசு லேசானது. பழைய சுப்பராமனின் சத்தம் அது. திரும்பக் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். குமிழி வரவில்லை. சக்கரத்தை மாட்டி நட்டுகளைக் கையால் திருகிவிட்டு ஜாக்கியை இறக்கினார். சக்கரம் தரையில் நின்ற பிறகு ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும். அதுதான் முறை. ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் வாட்ச்மேன் டில்லிபாபு ஓடி வந்தார். "சார், லிஃப்டு மாட்டிக்கிச்சு சார்! மூணாவது மாடி மாமி உள்ள கீறாங்க, கதவைத் தட்டிக்கினே கீறாங்க!"

சுப்பராமன் ஸ்பேனரோடு எழுந்து போனார். மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறைக்கு ஏறி மெயினை அணைத்தார். பிரேக்கைத் தளர்த்தி, மோட்டார் சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, கூண்டைத் தளத்துக்குச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தினார். கதவு திறந்ததும் மாமி அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு வார்த்தை மறக்கவில்லை.

அவர் கீழே வந்து கொஞ்ச நேரத்தில் ஸ்ரீலக்ஷ்மி காபியோடு இறங்கி வந்தாள். சாமான்கள் பெட்டிக்குள் போயிருந்தன. சக்கரத்தின் நட்டுகளை மறைக்கும் பிளாஸ்டிக் கப் மாட்டியிருந்தது.

"ஆச்சா?"

"ஆச்சு" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ மாசம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை ஸ்ரீலக்ஷ்மியை அடையாறு கண் டாக்டரிடம் விட்டுவிட்டு மதுவந்தி ஆபீஸ் போவதாக ஏற்பாடு. கிளம்பும்போது மதுவந்தி அப்பாவிடம் கேட்டாள்: "வீலெல்லாம் டைட்டா இருக்கோல்லியோப்பா?"

"ஸ்பேனர் மேல ஏறி நின்னு இறுக்கினேன். ஒண்ணுக்கு எதிர் ஒண்ணு. யானை இழுத்தாலும் வராது."

அவர் சொன்ன விதத்தில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஏறி நின்றதை அவர் பார்த்துக்கொண்டே சொல்வது போலிருந்தது. இருந்தாலும் கேட்டைத் தாண்டியதும் மதுவந்தி சொன்னாள்: "போற வழியில டயர் கடையில ஒரு தரம் காட்டிடலாமாம்மா? ரெண்டு நிமிஷம்தான்."

 ஸ்ரீலக்ஷ்மிக்குத் திருகாணி, கறிவேப்பிலை, ஆட்டோ எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஆனால் நேற்றைய சிரிப்பும் வந்தது.

"வேண்டாம்டி. அப்பாவுக்குத் தெரிஞ்சா முகம் சுருங்கிடும்."

ஆர்.கே. மட் சாலையில் மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே கார் ஊர்ந்தது. பள்ளங்களின் மேல் போட்டிருந்த இரும்புத் தகடுகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் தடக் தடக் என்றது.

"என்னடி சத்தம்?"

"பிளேட்டும்மா. ரோடு பூரா போட்டிருக்கான்."

பிளேட்டுகள் இருந்தவரை அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. திரு.வி.க. பாலத்தில் ஏறினார்கள். பாலத்தில் தகடு எதுவும் கிடையாது. சத்தம் நிற்கவில்லை. ஸ்ரீலக்ஷ்மியின் காலடியிலிருந்து வருவது மாதிரி இருந்தது. முதலில் மெதுவாக, அப்புறம் வண்டியின் வேகத்துக்கு ஈடாக. டக், டக், டக். கீழே ஆறு கறுப்பாகக் கிடந்தது. மதுவந்தி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். அது அவள் கைக்குள் நடுங்கியது.

"மது, ஓரமா நிறுத்து."

"பாலத்துல எங்கம்மா நிறுத்தறது? பின்னால பஸ் வரான். இறங்கினதும் நிறுத்தறேன்."

இறங்கினார்கள். அவள் இண்டிகேட்டர் போட்டு இடது பக்கம் ஒதுங்கும்போது ஸ்ரீலக்ஷ்மியின் பக்கம் ஒரேயடியாகக் கீழே இறங்கியது. இரும்பு ரோட்டைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம். கண்ணாடிக்கு வெளியே, தங்களுக்கு முன்னால், ஒரு சக்கரம் தனியாக ஓடிக்கொண்டிருந்ததை இருவரும் பார்த்தார்கள். அது தங்களுடைய சக்கரம் என்பது புரியவே ஒரு கணம் ஆயிற்று. கார் நின்றுவிட்டது. சக்கரம் நிற்கவில்லை. நடைபாதை விளிம்பில் மோதி எகிறி, பஸ் ஸ்டாப்பை நோக்கிப் போனது.

அங்கே நின்றவர்கள் சிதறினார்கள். ஒருத்தி மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் அன்புக்கரசி. சைதாப்பேட்டையில் ஆற்றோரம் பிறந்து வளர்ந்தவள். குடிசைகளை எடுத்தபோது குடும்பத்தோடு ஊருக்கு வெளியே செம்மஞ்சேரிக்குப் போக நேர்ந்தது. ஆனாலும் வேலை செய்யும் வீடுகள் அடையாறில்தான். தினமும் விடியற்காலை பஸ் ஏறி வருவாள். அன்றும் முதல் வீட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக நின்றிருந்தாள். சக்கரம் அவள் இடுப்புக்குக் கீழே மோதியது. தொடை எலும்பு இரண்டாக முறிந்தது.

போலீஸ் வந்தது. வண்டியைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளர் போல்ட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, மரை கெடவே இல்லை, நட்டுகளை யாரும் இறுக்கவே இல்லை என்று எழுதினார். மதுவந்தி மேல் வழக்குப் பதிவாயிற்று.

சுப்பராமன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். "நான் இறுக்கினேன். என் கண்ணுக்குள்ள நிக்கறது. எவனோ ராத்திரி வந்து லூஸ் பண்ணியிருக்கான்." பிறகு குரல் மாறியது. "டில்லிபாபுதான். அவனுக்குத்தான் பெட்டி இருக்கற இடம் தெரியும்."

"அபாண்டமா சொல்லாதீங்கோ" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

"அப்ப கேமராவைப் போட்டுப் பாரு! கீழ கேமரா இருக்கோல்லியோ? பாரு!"

அவர் பிடிவாதத்துக்காகத்தான் மதுவந்தி அசோசியேஷனில் கேட்டு அந்தப் பதிவைத் தன் போனில் வாங்கி வந்தாள். மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. சுப்பராமன் ஜாக்கியை இறக்குகிறார். ஸ்பேனரை எடுக்கிறார். டில்லிபாபு வருகிறார், இருவரும் போகிறார்கள். வெறும் கார் நிற்கிறது. வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் சுப்பராமன் திரும்பி வருகிறார்.

காரின் முன்னால் நின்றார். கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். அது எதற்கு என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்பது போல இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் போட்டார். சக்கரக் கப்பை எடுத்துப் பொருத்தி, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். வேலை முடிந்த மனுஷன் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டார்.

மதுவந்தி போனை அணைத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"இது அன்னிக்கு எடுத்ததா இருக்காது" என்றார் சுப்பராமன். கொஞ்சம் பொறுத்து, "நான் அது மேல ஏறி நின்னேனே" என்றார். இந்தத் தடவை குரல் எழும்பவில்லை. மனைவியைப் பார்த்தார். ஸ்ரீலக்ஷ்மி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். 

அந்த வாரமே நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். படம் எடுத்தார்கள், கேள்விகள் கேட்டார்கள். டாக்டர் அந்த வியாதியின் பெயரைச் சொன்னபோது சுப்பராமன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து கொஞ்சம் தாமதப்படுத்தும், நிறுத்தாது என்றார்கள்.

ஸ்ரீலக்ஷ்மி ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். அன்புக்கரசியின் கால் கட்டுப்போட்டுத் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. பழங்களைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு நின்றாள். யார் என்று சொன்னாள். தன் பெண்ணின் மேல் தப்பில்லை, அவருக்கு மறதி, கொஞ்ச நாளாகவே அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டே போனாள். சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள்.

அன்புக்கரசி எல்லாவற்றையும் கேட்டாள்.

"கொஞ்ச நாளாவேன்னா? உனுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

ஸ்ரீலக்ஷ்மி தலையாட்டினாள்.

"தெரிஞ்சுமா அந்த வண்டில ஏறிக்கினு வந்தே?"

 அன்புக்கரசி கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சற்று நேரம் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஸ்ரீலக்ஷ்மி மகளிடம் முதல் முதலாக வாயைத் திறந்தாள். திருகாணி, கறிவேப்பிலை, ஆட்டோக்காரர், எல்லாம். மதுவந்தி முழுக்கக் கேட்டுவிட்டு, "டயர் கடையைத் தாண்டும்போதாவது சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள். அதற்கப்புறம் வெகு நாள் அவர்களுக்குள் தேவைக்கு மேல் பேச்சில்லை.

எலும்பு கூடியது, ஆனால் கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அன்புக்கரசியால் மாடி ஏற முடியாது. அவள் வேலை பார்த்த வீடுகளில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். சுப்பராமனும் அடுத்த ஒரு வருஷத்தில் வேகமாக இறங்கினார். சில நாள் மதுவந்தியைத் தன் அக்கா என்று நினைத்துப் பேசினார். தனியாக விட முடியாது என்பதால் சைதாப்பேட்டை கோர்ட்டில் வாய்தா வரும்போதெல்லாம் அவரையும் கூட்டிக்கொண்டுதான் போனார்கள்.

அப்படி ஒரு நாள் வராந்தா பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தபோது அன்புக்கரசி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். சாட்சி சொல்ல அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். உட்கார வேறு இடமில்லை. சுப்பராமன் உடனே எழுந்தார்.

"இங்க உக்காரும்மா." அவள் உட்காரும் வரை தடியைப் பிடித்துக்கொண்டார். "கால்ல என்ன?"

 அன்புக்கரசி ஸ்ரீலக்ஷ்மியைப் பார்த்தாள், மதுவந்தியைப் பார்த்தாள், பிறகு எதிரே நிற்கிறவரை ஏறிட்டாள். அந்த முகத்தில் இரக்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

"பஸ் ஸ்டாப்புல நின்னுக்கினு இருந்தேன் சார். ஒரு காரு சக்கரம் கழண்டு வந்து அட்ச்சிருச்சு."

"அடப்பாவமே." சுப்பராமனின் முகம் உண்மையாகவே வாடியது. "எவனோ சரியா இறுக்காம விட்டிருக்கான். இப்படி அஜாக்கிரதையா இருக்கறவனையெல்லாம் சும்மா விடப்படாதும்மா."

உள்ளேயிருந்து டவாலி மதுவந்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.