வந்தவர் வெளியே போகாத பக்கம்

அப்போது விழுப்புரம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தோம். கல்லாவில் நான். என் வீட்டுக்காரருக்கு வெப்சைட் பைத்தியம். ரயில் நேரம், வரன், சினிமாச் செய்தி, தேர்வு முடிவு என்று எது எந்தத் தளத்தில் கிடைக்கும் என்பதைத் திரட்டி, லிங்க்குகளாக அடுக்கி ஒரு பக்கம் நடத்தினார். யாராவது அவருடைய லிங்க்கைப் போட்டால் இவரும் அவர்களுடையதைப் போடுவார். மொய் மாதிரிதான், செய்தவருக்குத் திருப்பிச் செய்தே ஆகவேண்டும். அந்தத் தளத்தை யாராவது பராமரிக்கிறார்களா, போட்டது போட்டபடி கிடக்கிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை.

அதோடு விட்டாரா மனுஷன்? வந்த கூட்டம் ஓடிவிடக் கூடாதாம். எந்த லிங்க்கை அழுத்தினாலும் அந்தத் தளம் இவருடைய பக்கத்துக்குள்ளேயே ஒரு கட்டம் போட்டு அதற்குள் திறக்கும். மேலே முகவரியில் இவர் பெயர்தான் நிற்கும்.

"வந்தவன் வெளிய போனதே அவனுக்குத் தெரியக் கூடாதுடி" என்பார்.

"எங்க நிக்கிறோம்னு அவனுக்குத் தெரிய வாணாமா?" என்று கேட்டால் சிரிப்பார். பக்கத்தின் அடியில் ஏறிக்கொண்டே போகும் வருகை எண்ணைப் பார்த்தபடி சாப்பிடுகிற ஆளிடம் என்ன பேசுவது!

பிளஸ் டூ முடிவு வந்த அன்று காலையிலேயே கடை நிரம்பி வழிந்தது. கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுகிற குடும்பம். காத்திருக்கும்போது அவரே என்னிடம் சொன்னார்.

"பாஸுன்னா காலேஜு, ஃபெயிலுன்னா கல்யாணம்னு பேசி வெச்சிக்கீறேம்மா. திண்டிவனத்துல மாப்ள வூடு. உச்சி வேளைக்குள்ள பதில் சொல்லலன்னா வேற எடம் பாத்துடுவாங்களாம்."

அந்தப் பெண் துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டிக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

தேர்வுத் துறையின் அசல் தளம் கூட்டத்தில் திணறியது. என் வீட்டுக்காரர் தன் பக்கத்தில் முதல் வரிசையில் இருந்த லிங்க்கைத் தட்டினார். பளிச்சென்று திறந்தது. "பாத்தியா, நம்ம பக்கம்!" என்று என்னிடம் பெருமை வேறு. அவள் எண்ணைப் போட்டதும் பெயரில்லாமல் மதிப்பெண்கள் மட்டும் வந்தன. இயற்பியலில் போயிருந்தது.

அவள் அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா அவள் தோளைத் தொட்டு, "சரி வா, போன் பண்ணிடலாம்" என்று கூட்டிப் போனார்.

அதே நாற்காலியில் அடுத்து உட்கார்ந்த அம்மா, மகளின் எண்ணைப் போட்டுவிட்டுக் கத்தினார்.

"இன்னாங்க இது? எம்பொண்ணு கணக்குப்பதிவியல் எடுத்துக்கீறா. செடி கொடி பாடம்லாம் வருது?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கட்டத்தைத் தனி ஜன்னலில் திறக்கும்படி இவரிடம் சொன்னேன். அப்போதுதான் அந்தத் தளத்தின் சொந்த முகவரி தெரிந்தது. அந்த முகவரியிலேயே போன வருடம் போட்டிருந்தது. இந்த வருடத்து எண்ணைப் போட்டால், போன வருடம் அதே எண்ணில் எழுதிய பிள்ளையின் மதிப்பெண்! இவர் பக்கத்துக்குள்ளே திறந்ததால் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

"அட பாவி மனுஷா!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். "முன்ன வந்த கண்டாச்சிபுரத்துப் பொண்ணு நம்பரை அசல் தளத்துல போடுங்க. திறக்கற வரைக்கும் கையை எடுக்காதீங்க!"

எஸ்.டி.டி. பூத் இரண்டு கடை தள்ளி. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். ரிசல்ட் சொல்ல நின்ற கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனால், அந்த அப்பா பேசி முடித்து ரிசீவரைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சிட்டேம்மா. கல்யாணத்த ஆவணில வெச்சிக்கலாம்னு வாக்கு குடுத்துட்டேன்."

நான் மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரரும் தாளோடு ஓடி வந்தார். அச்செடுத்த தாளில் இந்த முறை அவள் பெயரும் இருந்தது. எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. கணக்கில் இருநூறுக்கு நூற்று எண்பதுக்கு மேல்.

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒரு நிமிடம்தான். பிறகு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"வாயால சொல்லிட்டேனே. எப்படிம்மா மாத்திப் பேசறது? நாலு பேரு இன்னா நெனைப்பாங்க?"

"அது வந்துங்க, அந்த லிங்க் குடுத்தவரு..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"நீங்க வாயை மூடுங்க" என்றேன்.

தாளை வாங்கிப் பார்த்த மகள் அப்பா முன்னால் வந்து நின்றாள். "ஃபெயிலான பொண்ணுக்குத்தானப்பா வாக்கு குடுத்த? அது நான் இல்ல."

அவர் சட்டைப் பையிலிருந்து மாப்பிள்ளை வீட்டு போன் நம்பர் எழுதிய சீட்டை எடுத்தாள். தானே எண்களை அழுத்தினாள்.

"நான் பொண்ணு பேசறேங்க. நான் பாஸாயிட்டேன். முன்ன பாத்தது தப்பான ரிசல்ட்டு. காலேஜுக்குப் போறேங்க, மன்னிச்சிக்கங்க."

அந்தப் பக்கம் யாரோ கத்துவது எனக்கே கேட்டது. பொட்டச்சிக்கு இவ்வளவு திமிரா, பெரிய மனுஷன் வாக்குக்கு மரியாதை இல்லையா என்று. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணீர் மட்டும் நிற்காமல் வழிந்தது.

அப்பா எழுந்தார். அவள் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார்.

"எம்பொண்ணத் திட்டாதீங்க" என்றார். "வாக்கு குடுத்தவன் நான். திட்றதுன்னா என்னைத் திட்டுங்க. அது காலேஜுக்குப் போவுது."