மாடி அறையில் மூன்று நாடுகள்

லிடியாவின் வேலை, ஊரார் வீட்டுச் சண்டையைத் தமிழில் எழுதுவது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் உண்மை அதுதான். கொரியா, ஜப்பான், அமெரிக்கா என்று மூன்று நாட்டுத் தொடர்களும் அவளுடைய லேப்டாப்புக்கு வந்து சேரும். படத்துக்குக் கீழே ஓடுகிற தமிழ் வரிகளை அவள் எழுத வேண்டும். ஆரணியில், முகூர்த்த மாதம் வந்தால் பட்டு எடுக்க வரும் கார்கள் அடைத்துக்கொள்ளும் ஒரு தெருவில், மாடி அறையில் உட்கார்ந்து பல வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். வயது முப்பத்தொன்று. “பாப்பா இன்னா பண்ணுது?” என்று யாராவது கேட்டால், அவளுடைய அம்மா ஜெபராணி, “அது மேல கம்ப்யூட்டர்ல எதையோ தட்டிகினு இருக்குது” என்று சொல்லி முடித்துவிடுவாள்.

மூன்று நாட்டு வீடுகளும் லிடியாவுக்கு அத்துப்படி. கொரியாக்காரி அம்மா சோற்றைப் பரிமாறிக்கொண்டே திட்டுவாள். மகள் எதிர்த்துப் பேசினால் முதுகில் ஒன்று வைப்பாள். அப்புறம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, தலைவலி என்று சாப்பிடாமல் படுத்துவிடுவாள். ஜப்பானில் கத்தலே கிடையாது. அப்பா பேப்பரை மடிப்பார், டீயைக் குடிப்பார், எழுந்து போவார். மகனுக்கு அதிலேயே எல்லாம் புரிந்துவிட வேண்டும். சில பிள்ளைகள் புரிந்துகொண்டு தங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் வருஷக்கணக்கில் வெளியே வராது. அம்மா சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் வைத்துவிட்டுப் போவாள். அமெரிக்கா வேறு மாதிரி. பதினெட்டு வயதானால் பெற்றவர்களே பெட்டி படுக்கையோடு கல்லூரியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வழியெல்லாம் அழுதுகொண்டே வீடு திரும்புவார்கள். அடுத்த காட்சியிலேயே அந்த அறையில் உடற்பயிற்சி மெஷின் வந்திருக்கும்!

அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு வரி உண்டு. ‘இது என் வாழ்க்கை, நான்தான் முடிவு பண்ணுவேன்.’ அதை எழுதும்போதெல்லாம் லிடியாவுக்கு எரிச்சலாக வரும். ஆரணியில் எந்தப் பெண் அப்பாவைப் பார்த்து இப்படிப் பேசுகிறாள்? சொன்னால் மேடை நாடகம் போல இருக்காதா? அடித்து அடித்துத் திருத்திப் பார்ப்பாள். கடைசியில் நேரமாகிவிட்டது என்று அதையே அனுப்பிவிடுவாள்.

சாயங்காலமானால் ஜெபராணி கீழே டிவியில் கொரியத் தொடர் பார்ப்பாள். எப்போதும் அம்மாக்காரி பக்கம்தான். “பெத்தவள அழ வச்சிட்டு போறா பாரு, இவல்லாம் நல்லா இருப்பாளா?” என்று அங்கலாய்ப்பாள். அந்த ஓடிப்போகிற பெண்ணுக்குத் தமிழ் எழுதிக் கொடுத்தது தன் மகள்தான் என்பது அவளுக்கு நினைவிலேயே இருக்காது.

சென்ற ஆடியில், கம்பெனியிலிருந்து பவித்ரா கூப்பிட்டாள். லிடியாவின் வேலையைப் பார்த்துச் சரிசொல்லும் மேலதிகாரி அவள்தான். இனி முதல் மொழிபெயர்ப்பை மெஷின் செய்துவிடுமாம், வீட்டிலிருந்து எழுதுகிறவர்கள் தேவையில்லையாம். “ஆனா தமிழ் செக்‌ஷனுக்கு ஹெட் வேணும் லிடியா. உன் பேரைத்தான் குடுத்திருக்கேன். சென்னை ஆபீஸ்ல உக்காரணும். என்ன சொல்றே?” என்றாள். லிடியா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, வர்றேன் என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான், கீழே அப்பா, அம்மா என்று இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது ஞாபகம் வந்தது. அப்படியும் சந்தோஷம் அடங்கவில்லை. மாடிப்படியில் பாவாடை கட்டிய சின்னப் பெண் போல ஓடி இறங்கினாள்.

கீழே அவளுக்கு முன்னால் வேறொரு சேதி வந்து உட்கார்ந்திருந்தது. அவளுடைய அண்ணன் கிளமெண்ட் அமெரிக்காவிலிருந்து வீடியோ காலில் இருந்தான். லிடியா கடைக்குட்டி, அவனுக்கும் இவளுக்கும் பதினாலு வயது வித்தியாசம். அவளுக்கு மாப்பிள்ளை கிடைத்துவிட்டாராம். பெயர் சார்லி, சொந்த ஊர் கலசப்பாக்கம், ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டோடு மாப்பிள்ளையாக வரச் சம்மதமாம்.

“அப்பா அம்மாவ விட்டுட்டு நீ எங்கயும் போவ வேணாம் பாப்பா. எவ்ளோ நிம்மதி பாரு!” என்றான்.

“அண்ணா, எனக்குச் சென்னையில வேலை குடுத்திருக்காங்க. நான் போறேன்னு சொல்லிட்டேன்.”

“சென்னைக்கா? அப்பாவுக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சிருக்கறது மறந்துபோச்சா? அம்மாவுக்கு முட்டி எப்டி இருக்குது? யாரும்மா பாத்துக்கறது?”

“நீ வந்து பாத்துக்கயேன்.”

அவன் சிரித்துவிட்டான். பேச்சை மாற்ற, போனைத் திருப்பி மகளின் அறையைக் காட்டினான். கட்டில் மட்டும் இருந்தது. “ஃப்ளோரன்ஸ் ரூம். நேத்துதான் காலேஜ்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்தோம். டாக்டருக்குப் படின்னேன், முடியாதுன்னுட்டா. அவ லைஃப், அவளே டிசைட் பண்ணட்டும்னு விட்டுட்டேன்” என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பாருங்கள் கொழுப்பை! மகளுக்கு அமெரிக்காவாம், தங்கச்சிக்கு ஆரணியாம். லிடியாவுக்கு வாய் வரை வந்தது. அதற்குள் ஜெபராணி, “எம் பேத்திய இப்டித் தனியா விட்டுட்டியே ராஜா” என்று அழ ஆரம்பித்ததில் பேச்சு அங்கேயே போய்விட்டது.

மறுநாள் காலையில் அப்பாவிடம் நேராகச் சொன்னாள். தேவநேசன் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஒருநாளும் அவளைக் கைநீட்டி அடித்தவர் இல்லை. “எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்ப்பா. நான் சென்னைக்குப் போறேன்.” அவர் பேப்பரை நாலாக மடித்தார். மிச்சமிருந்த டீயைக் குடித்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். லிடியாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்தக் காட்சிக்கு எத்தனை தரம் எழுதியிருக்கிறாள்! அன்று மத்தியானம் ஜெபராணி தலைவலி என்று போர்வையை மூடிக்கொண்டு படுத்தாள், சாப்பிடவில்லை. ஜப்பான் ஒரு அறையில், கொரியா ஒரு அறையில், அமெரிக்கா போனில். மாடியில் இவள் ஒருத்தி. திரையில் வருகிற பெண்களுக்கெல்லாம் பதில் எழுதித் தந்தவளுக்குத் தன் வீட்டில் சொல்ல ஒரு வரி கிடைக்கவில்லை.

நிச்சயம் நடந்தது. ‘வேணாம்’ என்று அவள் சொன்னதை, வெட்கம் என்றார்கள், பயம் என்றார்கள், வயசு தாண்டினால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அது ஒரு பதில் என்று மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் விவாக அறிக்கை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று ஆயர் சபையைப் பார்த்துக் கேட்பார். மூன்று தரம் கேட்டு யாரும் சொல்லவில்லையென்றால் முடிந்தது. லிடியா நேராக ஆயர் வீட்டுக்குப் போனாள். வாசிக்க வேண்டாம் ஐயா, எனக்கு இஷ்டமில்லை என்றாள். ஆயர் அருள்தாஸ் நல்ல மனுஷன். பொறுமையாகக் கேட்டார், கண்கூடக் கலங்கினார். “நீ தைரியமா போ மகளே, நான் பாத்துக்கறேன்” என்றார்.

அன்று சாயங்காலமே பைபிளோடு வீட்டுக்கு வந்துவிட்டார். எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்தார். “ஆண்டவரே, இந்தப் பிள்ளையுடைய மனக்கலக்கத்தை எடுத்துப்போடும். வீட்டாரோடு ஒருமனப்படச் செய்யும்” என்று உருக்கமாக ஜெபித்தார். அப்பா ஆமென் என்றார், அம்மா அழுதுகொண்டே ஆமென் என்றாள். லிடியாவும் ஆமென் என்றுவிட்டாள்! சின்ன வயதுப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆயருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. டீயும் மிக்சரும் சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்த வார ஞாயிறு முதல் அறிக்கை வாசிக்கப்பட்டது.

இரண்டாவது வாசித்த பிறகு, வேறு வழி தெரியாமல் சார்லிக்கே போன் செய்தாள்.

“உங்களப் பத்திக் குறை ஒண்ணுமில்லீங்க. எனக்கு வேலைக்குப் போகணும். நீங்க வேணாம்னு சொல்லிட்டா நின்னுடும்.”

“நான் வேணாம்னு சொன்னா எங்கங்க போறது?” என்று கேட்டார் சார்லி. “ரெண்டு அண்ணனுங்க குடும்பமும் எங்க வீட்லதான். பத்து வருஷமா ஹால்லதான் படுக்கறேன். டிவிய எப்ப நிறுத்தறாங்களோ அப்பத்தான் தூக்கம். தப்பா எடுத்துக்காதீங்க... உங்க மாடி ரூம் நமக்குத்தான்னு உங்கண்ணன் சொன்னாரு. ஏசி இருக்குதாமே?”

ஜப்பானில், ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகிறவன் அந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்வது உண்டு. அப்படி ஒரு தொடருக்கு லிடியா எழுதியிருக்கிறாள், சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறாள். அந்த ஆளுக்கும் ஒண்ட ஓர் இடம் தேவைப்பட்டிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. சார்லி மேல் கோபப்படக்கூட முடியவில்லை, அதுதான் பேஜாராக இருந்தது. “இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

இனி சபையில் கேட்கப்போகிற அந்தக் கேள்வி ஒன்றுதான் மிச்சம். யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்றுதானே கேட்கிறார்கள்? அந்த யாரோ ஒருவர் மணப்பெண்ணாக இருக்கக்கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லையே. சனிக்கிழமை முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து நிற்க வேண்டும், எனக்குச் சம்மதமில்லை என்று சொல்ல வேண்டும். அத்தனை பேர் காதில் விழுந்த பிறகு அதை யாரும் ஜெபத்துக்குள் போட்டு மூட முடியாது. அவள் வந்து வேலையில் சேர, பவித்ரா திங்கட்கிழமை வரைதான் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள்.

மூன்றாம் ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கம், முன்னிருந்து நாலாவது பெஞ்சில் அம்மாவின் பக்கத்தில் லிடியா. பிரசங்கம் முடிந்து ஆயர் அறிக்கையை எடுத்தார். தேவநேசன், ஜெபராணி தம்பதியரின் குமாரத்தி என்று வாசித்தார். “இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதேனும் யாருக்காவது தெரிந்திருந்தால் இப்போதே தெரிவிக்கலாம்” என்று சொல்லி, வழக்கம்போல ஒரு மூச்சு நிறுத்தினார்.

லிடியா எழுந்து நின்றாள்.

முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு” என்று ஆரம்பித்தாள். அதற்குள் அவளுக்கு இன்னொரு பக்கம் உட்கார்ந்திருந்த பெண்மணி, அடுத்தது பாட்டு என்று நினைத்துப் புத்தகத்தோடு எழுந்துவிட்டார். அவரைப் பார்த்துப் பின்பெஞ்சு எழுந்தது. கண்ணசந்திருந்த ஆண்கள் பக்கமும் அவசர அவசரமாக எழுந்தது. ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழுவது சபைக்கு ஊறிப்போன பழக்கம். எல்லோரும் நிற்பதைப் பார்த்துக் கீபோர்டு வாசிக்கிறவரும் ஜல்தியாகப் பாட்டை எடுத்துவிட்டார்.

முதலில் எழுந்தது யார் என்பதை ஆயர் பார்த்தார். எதற்கு எழுந்தாள் என்பதும் அவருக்குத் தெரியும். லிடியா அவரையே பார்த்தாள். அவர் ஒரு கையை உயர்த்தியிருந்தால் போதும், மொத்தச் சபையும் உட்கார்ந்திருக்கும். அவர் குனிந்து புத்தகத்தைப் புரட்டினார், பாட்டின் எண்ணைச் சொன்னார்.

கோயிலில் உட்கார்ந்திருந்தது ஜெபராணி ஒருத்திதான். அவள் மகளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. பெஞ்சில் கையை ஊன்றி, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, முட்டி வலியோடு மெல்ல எழுந்தாள். தன் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து அவள் கையில் வைத்தாள். பாடவேண்டிய வரியில் விரலை வைத்துக் காட்டினாள்.

“பாடுடி” என்றாள் காதருகில். “எல்லாரும் பாடிகினு இருக்கறாங்க இல்ல.”

இரண்டாவது சரணத்திலிருந்து லிடியாவும் பாடினாள்.