கிளிப்பச்சைக்கு நான் கையெழுத்துப் போடவில்லை

எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான். வரி கோணலாகப் போகும், சொன்னதையே திரும்பச் சொல்வேன், நடுவில் ஒன்றிரண்டை மறந்தும் போவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பெண்கள் குழு போடுகிற மலருக்கு ஆளுக்கு ஒன்று எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். மற்றவர்கள் சமையல் குறிப்பும் கோலமும் கொடுத்தார்கள். என்னிடம் இருப்பது ஒரே விஷயம்தான். படம் போட வந்தவர்களை நான் வேலை வாங்கிய விஷயம்.

நாங்கள் குமுளிக்கு அடுத்த ஆனைக்கரைப் பக்கம். ஆளுக்குக் கொஞ்சம் ஏலச்செடி வைத்திருக்கிற பெண்கள் சேர்ந்து ஒரே ஸ்டோரில் காயை உலர்த்தி, சின்னப் பொட்டலமாகக் கட்டி விற்கிறோம். தரம் பிரிப்பது என் வேலை. ஜன்னலோரம் உட்கார்ந்து தட்டில் காயைப் பரப்பி, வெடித்ததை, வெளுத்ததை, பூச்சி சுரண்டியதை ஒதுக்குவேன். வண்டன்மேட்டில் ஏலம் விடுகிற இடத்துக்கு அனுப்பிய காலத்திலும் சரி, இப்போதும் சரி, என் தட்டில் இருந்து போன காய் திரும்பி வந்ததில்லை.

போன வருடம் குழு ஒரு முடிவெடுத்தது. பொட்டலத்துக்கு நல்ல படம், குமுளி பஸ் ஸ்டாண்டில் பெரிய போஸ்டர், போனில் போடுவதற்குச் சின்னப் படங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், பார்த்ததும் நம் காய் என்று தெரிய வேண்டும். ஒரு விளம்பரக் கம்பெனியைப் பிடித்தார்கள். வரைகிற படத்தைக் குழுவில் ஒருவர் பார்த்துச் சரி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும், அதன்பிறகுதான் அச்சுக்குப் போகும் என்பது அவர்கள் விதி. செயலாளர் என் பெயரைக் கொடுத்தார்.

“எனக்கு என்னத்தா தெரியும்?” என்று கேட்டேன்.

“பெரியம்மா, நீங்க சும்மா பார்த்துத் தலையாட்டுனாப் போதும்.”

கூட்டத்தில் வாய் திறக்காத ஆள் என்பதால்தான் என்னைப் போட்டார்கள். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் சரி என்றேன்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரர், தாடி வைத்தவர், கோயமுத்தூர்ப் பேச்சு. இன்னொருத்தி கொச்சியில் இருந்து வந்த பெண், முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள், பாதி மலையாளமும் பாதித் தமிழும் பேசுவாள். வரும்போதே ஒரு படம் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் ஒரு பெண் நிமிர்ந்து நின்று, தலைக்கு மேலே கை நீட்டி, எலுமிச்சை பறிக்கிற மாதிரி ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடை வேறு.

எனக்கு முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சம். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு, வாருங்கள் என்று கையைக் காட்டிச் செடிக்குள் கூட்டிப்போனேன். தூரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சருகை விலக்கினேன். தரையோடு தரையாகச் சரம் ஓடியிருந்தது, சரம் முழுக்கக் காய்.

“ஏனுங்கம்மா, மண்ணுலயா காய்க்குது!” என்றார் தாடிக்காரர். “நாங்க தென்னையும் நெல்லும் பாத்தவிங்க. இது ஆளை விட ஒசரமா நிக்குது, காயும் மேலதான் இருக்கும்னு நெனச்சுப்போட்டனுங்க.”

“உக்காருங்க” என்றேன். இரண்டு பேரும் ஈரத்தில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த இடத்தில் இருந்து வரையச் சொன்னேன். அந்தப் பெண் காலில் அட்டை ஏறியது. கத்தினாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அவளைப் பிடித்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் என்னைத்தான் கேட்டார்கள். எனக்கு அவர்கள் தொழிலின் சொல் எதுவும் தெரியாது. தெரிந்த மாதிரி சொன்னேன். “இது பூப் பறிக்கிற கை. காய் பறிக்கிற கை இப்படி ஒய்யாரமா இருக்காது.” “இடுப்புப் பை காலியா இருக்கு, பார்க்கச் சங்கடமா இருக்கு, பாதியாவது நிரப்புங்க.” “இந்தப் பிள்ளை ஏன் நம்மளப் பார்த்துச் சிரிக்குது? காயைப் பார்க்கச் சொல்லுங்க.” தாடிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு அழித்து அழித்துப் போட்டார். “எங்க முதலாளிகூட இத்தன திருத்தம் சொன்னதில்லீங்க” என்றார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. திருத்தத்தை விடவும் இல்லை.

கோட்டுப்படம் முடிந்தது. நான்கு நாள் கழித்து வண்ணம் போட்ட படம் வந்தது. செயலாளர் ஸ்டோர் மேஜையில் விரித்தார். எல்லாரும் கூடிநின்று ஆகா என்றார்கள். உட்கார்ந்திருந்த பெண் சரி, கை சரி, சரம் சரி. காய் மட்டும் கிளிப்பச்சை. இருட்டில் வைத்தாலும் தெரியும் போல அப்படி ஒரு பச்சை.

அந்தப் பச்சையை எனக்குத் தெரியும். இளவயதில் ஒரு வியாபாரியின் கிடங்கில் வேலைக்கு நின்றேன். வெளுத்துப்போன பழைய காயை மூட்டை மூட்டையாக வாங்குவார். டிரம்மில் பச்சைத் தூளைக் கரைத்து, காயைக் கொட்டி, கையால் கலக்கச் சொல்வார். முழங்கை வரைக்கும் பச்சை ஏறும். சோப்புப் போட்டாலும் போகாது. பஸ்ஸில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வருவேன். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு பருவம் கலக்கினேன். யார் யார் வீட்டுப் பாயசத்துக்கு அது போனதோ.

எங்கள் குழுவுக்கு இருக்கிற பெயர் ஒன்றே ஒன்று. சாயம் போடாத காய். பொட்டலத்தில் இந்தப் பச்சையைப் போட்டால் வாங்குகிறவர் பிரித்துப் பார்ப்பார். உள்ளே இருப்பது இவ்வளவு பச்சை இல்லை, பழைய சரக்கு என்பார். அடுத்த பருவத்தில் எங்களுக்குள்ளேயே ஒருத்தி, கொஞ்சமாகச் சாயம் போட்டால் என்ன என்று கேட்பாள். கேட்பாள் என்று எனக்கு நிச்சயம். படத்துக்குத் தகுந்த மாதிரி காயை மாற்ற வேண்டி வரும். அந்த டிரம் எங்கள் ஸ்டோருக்குள் வந்துவிடும்.

“இது ஆகாது” என்றேன்.

செயலாளர் சிரித்தார். “என்ன பெரியம்மா, கண்ணு கூசுதா?”

“காய் இந்த நிறம் இல்ல.”

கொச்சிப் பெண்ணை மட்டும் மறுநாள் வரச் சொன்னேன். வந்தாள். டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்த்தினேன். அந்த வாரம் உலர்ந்த காயைத் தட்டில் கொட்டி, நிறம் பார்த்து ஐந்து குவியலாகப் பிரித்தேன். இலைப் பச்சை, பாசிப் பச்சை, கொஞ்சம் வெள்ளை பூத்தது, லேசாக மஞ்சள் தட்டியது, முனை மட்டும் தவிட்டு நிறமானது. ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்தில் வெள்ளைத் தாளை வைத்து, வண்ணத்தைக் குழைத்துத் தீற்றச் சொன்னேன். “அம்மே, இது சரியா?” என்பாள். தாளின் மேல் ஒரு காயைத் தூக்கி வைப்பேன். காய் தனியாகத் தெரிந்தால் தவறு. தாளோடு கரைந்தால் சரி. வெயில் சாய்கிற வரைக்கும் இதே வேலை. சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில், பூச்சி சுரண்டியது இரண்டும் இருக்கட்டும் என்றேன். “அதையும் வரைக்கணுமோ?” என்று கேட்டவள், தானே சிரித்துக்கொண்டு வரைந்தாள்.

புதுப் படம் கம்பெனிக்குப் போனது. அடுத்த நாள் அவர்கள் மேலாளர் போனில் முகம் காட்டிப் பேசினார். பாலக்காடு நகரத்துத் தமிழர், அந்தப் பக்கத்துப் பேச்சு. செயலாளர் போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

“பாட்டி, நமஸ்காரம். வரைஞ்சது நன்னா இருக்கு, குத்தம் சொல்லலை. நிறம் மங்கிப் போயிருக்கு கேட்டேளா. பஸ் ஸ்டாண்ட்ல போறவா ஒரு நிமிஷம் நிக்கணுமோல்லியோ? பழைய பச்சையையே வச்சுக்கலாம்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, “வேண்டாங்க” என்றேன்.

“படம் படமாக்கும், காய் காயாக்கும். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு யார் சொன்னா?”

“அப்ப அந்தப் படத்தையே டீயில தட்டிப் போட்டுக் குடிக்கச் சொல்லுங்க” என்றேன். எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு ஸ்டோருக்கு வந்திருந்த தாடிக்காரர் பின்னால் நின்று இருமினார். செயலாளர் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு குழுவில் என்னிடம் நேராகவே பேசினார்கள். ஒரு கையெழுத்துதானே பெரியம்மா. அச்சுக்கு நாள் குறிச்சாச்சு. நீங்க ஏன் இப்படி அடம் பிடிக்கிறீக. தாளையும் பேனாவையும் என் மடியிலேயே வைத்தார் செயலாளர். நான் பேனாவை மூடித் தாளின் மேலேயே வைத்தேன். பேசுவதற்குத்தான் எனக்குக் கூச்சம். கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருக்க என்ன கூச்சம்?

“சரி, கூட்டத்துல வச்சு வேற ஆளைப் போட்டுக்கிடுவோம்” என்றார். அது அவருடைய உரிமை. அதை நான் தடுக்கவில்லை.

கூட்டத்தன்று எல்லாரும் வந்துவிட்டார்கள். நான் இரண்டு படத்தையும் தரையில் விரித்தேன். என் வயதுக்காரி ஒருத்தி, எனக்கு மதினி முறை, “என்னடி, படம் காட்டப் போறியா? டிக்கெட்டு உண்டா?” என்று கேட்டாள். சிரித்தார்கள். தட்டில் இருந்து இரண்டு கை காயை அள்ளி, கிளிப்பச்சைப் படத்தின் மேல் போட்டேன். பிறகு இரண்டு கை அள்ளி மற்றப் படத்தின் மேல் போட்டேன்.

இரண்டும் ஒரே தட்டுக் காய். ஆனால் கிளிப்பச்சையின் மேல் கிடந்தது வெளுத்து, இரண்டு வருடத்துச் சரக்கு மாதிரி தெரிந்தது. இன்னொன்றில், இன்றைக்கு ஸ்டோரில் இருந்து இறக்கின மாதிரி.

மதினி குனிந்து பார்த்தாள். “இது நம்ம காயாடி? செத்துல்ல கெடக்கு.”

“நம்ம காய்தான்” என்றேன். “அந்தப் பச்சை சாயத்துல மட்டும்தான் வரும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும் பெரியம்மா?” என்று செயலாளர் கேட்டார். கேலிக்குக் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டார்.

“நான் கலக்கியிருக்கேன். ரெண்டு பருவம். இந்தக் கையால.”

இத்தனை வருடத்தில் அதை யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரருக்குக்கூட நான் கிடங்கில் தரம் பிரிக்கிறேன் என்றுதான் தெரியும். நான் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

பிறகு செயலாளர் கை தூக்கச் சொன்னார். மங்கலான படத்துக்குப் பாதிக்கு மேல் தூக்கினார்கள். எல்லாரும் இல்லை. வேண்டாம் என்ற சிலர் இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார்கள், சொல்லட்டும். செயலாளர் கடைசியில் தூக்கினார், என் பக்கம் பார்க்காமல். மேலாளரிடம் அவரே போனில் சொன்னார். “விக்கலேன்னா என்னைச் சொல்லப்படாது” என்று மேலாளர் சொன்னது எனக்கும் கேட்டது. தாளை எடுத்துவரச் சொல்லி, எழுத்துக் கூட்டிக் கூட்டி என் பெயரைப் போட்டேன். ஓரத்தில் மை கொஞ்சம் பரவிவிட்டது.

போஸ்டர் குமுளியில் தொங்குகிறது. பக்கத்துக் கடைக்காரரின் போஸ்டர் நம்முடையதை விடப் பளபளப்பு, உண்மைதான். முதலில் விற்பனை மெதுவாகத்தான் இருந்தது, இப்போது பரவாயில்லை என்கிறார்கள். நிறத்தைச் சொல்லி ஒரு பொட்டலமும் திரும்பி வரவில்லை. மெதுவாகவே விற்றிருந்தாலும் நான் இதையேதான் செய்திருப்பேன்.

இதைச் செயலாளர் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். வண்ணப் படம் வந்தது நான்கு நாள் கழித்தா, ஆறு நாளா, எனக்குச் சரியாக நினைவில்லை. எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்பது கூட்டப் புத்தகத்தில் இருக்கும், அதைப் பார்த்துப் போடலாம். மேலாளர் பேச்சு இப்படித்தான் இருந்ததா என்று தாடிக்காரரைக் கேட்டால் சொல்வார். எழுத்துப் பிழையையும் திருத்தட்டும். நான் மறுத்தேன் என்று எழுதியிருக்கிற இடங்களில் மட்டும், மரியாதைக்காகத் தயங்கினேன் என்று மாற்றிவிட வேண்டாம். நான் தயங்கவில்லை.