நல்ல தண்ணீர்க் கிணறும் மார்கிரட் அக்காவின் தலைமுடியும்

சனிக்கிழமை பின்னேரங்களில் மார்கிரட் அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் நேரே குசினிக்குள் போய்விட வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, விண்வெளிக்குப் புறப்படும் ஆள்போலப் பெரிய பிளாஸ்ரிக் கூண்டொன்றுக்குள் தலையை விட்டபடி இருப்பார். அது தலைமுடிக்கு ஆவி பிடிக்கும் ஸ்ரீமர். அதன் வயர் கட்டை. வேறு பிளக் எட்டாது. போதகர் வந்தாலும் அங்கேதான் வரவேற்பு.

"பிளாஸ்குக்குள்ளை தேத்தண்ணி கிடக்கு, ஊத்திக் குடி. எனக்கு இன்னும் பன்னிரண்டு நிமிசம் இருக்கு" என்று கூண்டுக்குள்ளிருந்து சத்தம் வரும்.

அச்சுவேலியில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு அவருடையது. இருபது வருடமாக மிளகாய்த்தூள் அரைக்கும் ஆலையில் வேலை. எத்தனை துணி சுற்றிக் கட்டினாலும் தூளும் சூடும் சேர்ந்து தலைமுடியைத் தும்பாக்கிவிட்டிருந்தன. தாய் பாரிசவாதத்தில் கிடந்த ஒன்பது வருடமும் தன் தலைக்கு எண்ணெய் வைக்க நேரம் வாய்க்கவில்லை என்பார். அதையும் ஒரு முறைப்பாடாகச் சொல்லமாட்டார். நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சொல்லிவிட்டு எழும்பிப் போவார்.

நாற்பத்துநான்கு வயதில் அவருக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை சாவகச்சேரி செபநாயகம் அண்ணை, லொறி ஓட்டுபவர். நான்கு வருடமாக ஆலைக்குச் செத்தல் மிளகாய் மூட்டை இறக்கியவர். ஒருநாள் மூட்டை ஒன்றும் இல்லாமல் வந்து, மிளகாய் நெடிக்குத் தும்மித் தும்மியே விஷயத்தைக் கேட்டாராம்.

"அந்த மனிசன் தும்மி முடிக்கிற வரைக்கும் 'ஓம்' எண்டதை வாய்க்குள்ளையே வைச்சுக்கொண்டு நிண்டன்" என்று அக்கா சொல்லிச் சிரிப்பார்.

கலியாணத்தை நத்தாருக்கு முந்திய அட்வென்ற் காலம் தொடங்க முன், நவம்பர் கடைசிச் சனிக்கிழமைக்கு வைத்தார்கள். தலைமுடிப் பிரச்சினையை எழுப்பியவர் அக்காவின் அண்ணன் மனைவி ஜெயந்தினி.

"மச்சாள், கமரா ஒண்டையும் ஒளிக்காது. ரவுணிலை சவரி வாங்கிக் கொண்டை போடுவம்."

"வேறை ஆற்றையோ தலைமயிரைக் கட்டிக்கொண்டு அந்த மனிசனுக்குப் பக்கத்திலை நிக்கமாட்டன். என்ரை தலையோடைதான் கோயிலுக்குள்ளை போவன்."

இதைக் கேள்விப்பட்டுத்தான் பாரிஸிலிருந்து ஒன்றுவிட்ட தங்கை பிரியந்தினி ஸ்ரீமரை அனுப்பினாள். தேங்காய்ப்பாலும் கற்றாழையும் அடித்துப் பூசி, மேலே அவள் அனுப்பிய கிறீமையும் தடவி, இருபது நிமிடம் ஆவி. முதல் மூன்று கிழமையில் தும்பு பஞ்சானது. சீப்பு நடுவில் நிற்காமல் இறங்கத் தொடங்கியது. அக்கா வேலைக்குப் போகும்போது கண்ணாடி பார்த்துவிட்டுப் போனதை ஒழுங்கை முழுக்கக் கதைத்தது.

நான்காம் கிழமை தலையில் வெள்ளை வெள்ளையாகத் தூள்.

"கலியாணப் பொம்பிளைக்குப் பொடுகு!" என்று ஜெயந்தினி நெஞ்சில் கை வைத்தார். "நான் நாளைக்கே சவரி எடுக்கப்போறன்."

கலியாணத்துக்கு நான்கு நாள் இருக்கையில், செவ்வாயன்றும் ஒருக்கால் போட, ஸ்ரீமர் கொறகொறவென்று இழுத்து, ஆவிக்குப் பதிலாக வெதுவெதுத்த தண்ணீரைத் துப்பிவிட்டு ஓய்ந்தது. உடனே எனக்கு ஆள் வந்தது. எங்கள் வீட்டில் முதன்முதல் பட்டம் எடுத்தவன் நான், அதுவும் இரசாயனவியலில். அம்மா அதை மீன்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார். அதனால் ஒழுங்கைக்குள் மிக்ஸி நின்றாலும் என்னைத்தான் தேடுவார்கள். எனக்கும் அதில் சந்தோஷம்தான், ஏன் ஒளிப்பான்?

அக்காவின் தோளில் விழுந்திருந்த வெள்ளைத் தூளை பீரிசுத் தட்டொன்றில் உதிர்த்து, அரைத் தேசிக்காயின் புளியைப் பிழிந்தேன். சுர்ரென்று நுரைத்தது.

"அக்கா, பொடுகு நுரைக்காது. உது சுண்ணாம்பு. ஸ்ரீமருக்குள்ளையும் உதுதான் கல்லாப் பிடிச்சிருக்கு. எல்லாம் கிணத்துத் தண்ணியாலை வந்தது."

அவ்வளவுதான், அக்காவின் முகம் மாறிவிட்டது. அக்காவின் வளவிலிருந்த அந்தக் கிணறுதான் ஒழுங்கையின் நல்ல தண்ணீர்க் கிணறு. மூன்றாம் ஒழுங்கையிலிருந்தும் தேத்தண்ணிக்கென்று அள்ளிக்கொண்டு போவார்கள். அந்த வீட்டுக்கு வேறு பெரிய சொத்து இருந்ததில்லை.

"படிச்சனி எண்டு கிணத்தைக் குறை சொல்லாதை தம்பி. நீ குடிச்சு வளர்ந்த தண்ணியடா அது!"

"குடிக்க நல்லதுதான் அக்கா. கொதிச்சு ஆவியாப் போகேக்கை சுண்ணாம்பை விட்டிட்டுப் போகுது. ஆவியோடை தெறிக்கிற துளியிலை தலைக்கும் வருது. உங்கடை கேத்திலின்ரை அடியைப் பாருங்கோ."

பார்த்தார். மூடியை மூடினார்.

"மிசினோடை வந்த கடுதாசியிலை காய்ச்சி வடிச்ச தண்ணி விடச் சொல்லியிருக்கே, பாக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"பாத்தனான். கடையிலை கேட்டனான். பற்றரிக்கு விடுற தண்ணியாம்! லொறிக்கு விடுறதை என்ரை தலையிலை விடச் சொல்லுறியோ?"

ஸ்ரீமருக்குள் தேசிக்காய்ச் சாறும் தண்ணீரும் நிரப்பி ஊறவிட்டோம். காலையில் சோறு வடித்த கஞ்சிபோல வெள்ளையாக ஊற்றுண்டது. கழுவிப் பூட்டினால் பழையபடி ஆவி வந்தது. இனிக் கல்லில்லாத தண்ணீர் வேண்டும். பற்றரித் தண்ணீர் என்ற பேச்சையே அக்கா எடுக்க விடவில்லை. மழைத் தண்ணீருக்குச் சம்மதித்தார். முற்றத்தில் வெள்ளைத் துணியை நான்கு மூலையிலும் கட்டி, நடுவில் கல் போட்டு, கீழே வாளி வைத்தோம்.

கிழமைக்கணக்காகக் கொட்டிய மழை புதனும் வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை வானம் துடைத்து வைத்தமாதிரி நீலமாக நின்றது. துணியில் ஒரு காகம் வந்து குந்தியிருந்தது. ஜெயந்தினி சவரியை மேசையில் எடுத்து வைத்துவிட்டார். அக்கா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலை நிறையத் தேங்காய்ப்பால் பூசி, மழைக்காகக் காத்திருந்தார்.

பின்னேரம் கதிரைகள் ஏற்றிய லொறி வந்து நின்றது. செபநாயகம் அண்ணை இறங்கினார்.

"மச்சாள், உள்ளுக்கு ஓடும்! உந்தக் கோலத்தோடை காட்டாதையும்!" என்று ஜெயந்தினி கத்தினார்.

ஓடுவதற்குள் அவர் கண்டுவிட்டார். துணியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"என்ன நடக்குது?"

நான் சொன்னேன். அவர் லொறிக்குப் போய் ஒரு போத்தலோடு வந்தார். உறையுடைக்காத புதுப் போத்தல். லேபிளை வாசித்துப் பார்த்தேன். காய்ச்சி வடித்த தண்ணீரேதான், பற்றரிக்குள் இருக்கும் அசிற் அமிலம் இல்லை.

"வேண்டாம்" என்றார் அக்கா. "இருக்கிற மயிரும் கொட்டுண்டுபோனால் நாளைக்கு என்ன செய்யிறது?"

அண்ணை தொப்பியைக் கழற்றினார். மத்தியில் பளபளப்பு, ஓரத்தில் சொற்பம். போத்தலைத் திறந்து தன் தலையில் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தார்.

"மேலை கிடக்கிறது மொத்தம் பதினேழு. எண்ணிப்போட்டுத்தான் சொல்லுறன். காலமை ஒண்டு குறைஞ்சாலும் நீர் கோயிலுக்கு வரவேண்டாம்."

அக்கா அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. தேங்காய்ப்பால் கழுத்தால் வழிய வழியச் சிரித்தார். பிறகு குசினிக் கதிரையில் போய் இருந்து, "சரி, மிசினுக்குள்ளை ஊத்துங்கோ" என்றார்.

அடுத்த நாள் நான் முன்வரிசையில் இருந்தேன். முக்காட்டுக்கு மேலாகவே தெரிந்தது, சொந்த முடியில் போட்ட கொண்டை. போதகர் வேதப் புத்தகத்தில் பக்கம் தேடிய நேரம் அக்கா அண்ணையின் பக்கம் சரிந்து மெல்லக் கேட்டார்: "எண்ணினனீங்களோ?"

"பதினேழும் சுகம்."

மண்டபத்தில், கலியாணத்துக்கென்று பாரிஸிலிருந்து வந்திருந்த பிரியந்தினி கொண்டையைத் தொட்டுப் பார்த்து, "நல்ல சவரியக்கா, எங்கை வாங்கினனீங்கள்?" என்றாள். அக்கா ஊசிகளை ஒவ்வொன்றாக இழுத்தார். முடி முதுகில் சரிந்து இறங்கியது. கமராக்காரர் ஓடி வந்தார்.

"கடவுளே! தலைக்கு என்ன வைச்சனீங்கள்?" என்றாள் பிரியந்தினி.

"பற்றரித் தண்ணி" என்றார் செபநாயகம் அண்ணை.

"பகிடி விடாதேங்கோ அத்தான்."

"பகிடியில்லையடி" என்று அக்கா அவருடைய தலையைத் திருப்பிக் காட்டினார். "முதல்லை பூசினது இஞ்சைதான்."