செடியோடு வந்தவை

மகளின் ஞானஸ்நானத்துக்கு வருகிறவர்கள் கையில் என்ன கொடுத்து அனுப்புவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, எவர்சில்வர் கிண்ணம் என்றார் மாமியார். மரக்கன்று என்றேன் நான். பிள்ளை பெற்று மூன்று மாதம்கூட ஆகாத நேரம் என்பதாலோ என்னவோ, யாரும் என்னை எதிர்த்துப் பேசவில்லை. ஓசூர் போகும் சாலையில் ஒரு நர்சரியில் கணவர் நூறு கன்று சொல்லி வைத்தார். கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில், ஈர மண்ணோடு, கொய்யாவும் பப்பாளியும் வேனில் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் மகளின் பெயர் எழுதிய அட்டையை நானே கட்டினேன். கோயில் வாசலில் வைத்துக் கொடுத்தபோது, நல்ல யோசனை என்று பங்குச் சாமியார்கூடச் சொன்னார். அன்று எனக்கிருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மிச்சமான இருபது கன்றுகளை அண்ணி எடுத்துப் போனார். அண்ணி, கணவரின் அக்கா. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் முக்கால் ஏக்கரில் பீன்ஸ், முட்டைக்கோஸ், சாமந்தி என்று மாற்றி மாற்றிப் போடுகிறவர். அவருடைய கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை வருவார். நிலத்தில் நடப்பதெல்லாம் அண்ணி ஒருவரின் உழைப்பு.

இந்த வருட மழைக்குப் பிறகு ஒரு காலையில் அவர் போன் செய்தார்.

"ஏம்மா, நீ படிச்சவ. ஒரு போட்டோ அனுப்பியிருக்கேன், பாத்து சொல்லு. பீன்ஸ் மொளச்சி ரெண்டு எல வுட்டிருந்துச்சி. இன்னிக்குப் போயி பாக்கறேன், வெறும் தண்டு நிக்குது."

படத்தில் அண்ணியின் உள்ளங்கையை நிறைத்துக்கொண்டு ஒரு நத்தை. கூம்பிய ஓடு, பழுப்பில் கோடுகோடாக.

நான் விலங்கியல் படித்தவள். நத்தையை ரெக்கார்டு நோட்டில் வரைந்து, பாகங்களைக் குறித்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவள். ஆனாலும் இதன் பெயரைப் போனில்தான் தேட வேண்டியிருந்தது. ஆப்பிரிக்க ராட்சத நத்தை. நம் ஊருக்கு உரியதல்ல. எப்படிப் பரவுகிறது என்ற இடத்தில் முதலில் இருந்தது நர்சரிச் செடிகளின் மண். அதற்குப் பிறகுதான் மரம், செங்கல் ஏற்றும் வண்டிகள் எல்லாம். அந்தப் பக்கத்தின் அடியில் ஓடில்லாத ஒரு வகைக் கடல் நத்தைகளைப் பற்றியும் ஒரு கட்டுரை இருந்தது. கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு வேறு தேசத்துக் கரைகளுக்குப் போய்விடுகிறவை. புதிய கரையில் ஒருமுறை பெருகிவிட்டால் அவற்றை அகற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம் என்று எழுதியிருந்தார்கள். நான் கடலை என் வாழ்நாளில் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அண்ணியிடம் வைத்தியத்தை மட்டும் சொன்னேன். கையுறை போட்டுக்கொண்டு பொறுக்க வேண்டும், வாளியில் உப்பைக் கரைத்து அதில் போட வேண்டும், பிறகு குழி தோண்டிப் புதைக்க வேண்டும். எங்கிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா என்று பாப்பாவுக்குச் சோறு ஊட்டும்போதும் துணி துவைக்கும்போதும் யோசித்துக்கொண்டிருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா என்று நினைத்தேன். சாமியாரிடம் இதை எந்தப் பாவத்தில் சேர்த்துச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாகத்தானோ என்னவோ, ஞாயிறுதோறும் முதல் பூசை முடிந்ததும் தருமபுரியிலிருந்து பஸ் ஏறி மூவரும் அண்ணி வீட்டுக்குப் போக ஆரம்பித்தோம். கணவர் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொள்வார். நானும் அண்ணியும் பொறுக்குவோம். பாப்பா இப்போது நன்றாக நடக்கிறாள், கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறாள்.

"புள்ளைய கீழ வுடச் சொல்லு. ரெண்டு எட்டு நடக்கட்டும்," என்பார் அண்ணி.

"வேணாங்க அண்ணி. அந்த நத்தைல புழு இருக்குமாம். மூளைக்குப் போயிருமாம்."

"அப்ப எனக்கு மூள இல்லன்னு முடிவே பண்ணிட்டியா? நான் தெனமும் வெறுங்கையில பொறுக்கறேன்."

நான் வாங்கிக் கொடுத்த கையுறை இரண்டாம் நாளே கிழிந்துவிட்டதாம். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று அவரைவிடப் பத்து வயது சின்னவளான நான் வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணி மறுபடி பீன்ஸ் ஊன்றினார். மறுபடி முளைத்தது. மறுபடி தண்டுதான் நின்றது. மோட்டார் ரூம் சுவரில் அடித்திருந்த சுண்ணாம்பைக்கூட அவை சுரண்டித் தின்றிருந்தன. சுவரில் வளைந்து வளைந்து தடம் தெரிந்தது. ஒரு ஞாயிறு, வரப்போரம் இருந்த ஒரு கொய்யாக் கன்றின் அடியில் மண்ணைக் கிளறினேன். ஜவ்வரிசி போல, மஞ்சள் கலந்த வெள்ளையில், ஒரு கைப்பிடி முட்டை. கன்றின் கிளையில் அட்டை கட்டிய நூல் இன்னும் இருந்தது.

"அண்ணி, இது நாங்க குடுத்த செடியோட வந்திருக்கும்னு நெனைக்கிறேன்."

அவர் குனிந்தபடியே கேட்டார். "நெனைக்கறியா, தெரியுமா?"

"தெரியலைங்க. பக்கத்துக் காட்டுலயும் இருக்குதுன்னீங்க. அவங்க வூடு கட்ட செங்கல் எறக்கினாங்க இல்ல, அதுல வந்தாலும் வந்திருக்கலாம். ஆனா எனக்கு நம்ம செடின்னுதான் தோணுது."

"எப்பத்துல இருந்து தோணுது?"

"நீங்க போட்டோ அனுப்புன அன்னில இருந்து."

அண்ணி நிமிர்ந்து, என் கணவரைப் பார்த்தார். கணவர் பாப்பாவின் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்.

"எங்கம்மா சொன்ன மாதிரி கிண்ணமே குடுத்திருக்கலாம்," என்றார் அண்ணி. "கிண்ணம் முட்ட வெக்காது."

கேலியா திட்டா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் வாளியை எடுத்துக்கொண்டார். இரண்டு வரிசை தள்ளிப்போய்ப் பொறுக்கினார். வாளியில் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது. உங்களுக்குக் கோபமா என்று கடைசியில் நானே போய்க் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"கோவம் இருக்குது. இல்லாம இருக்குமா? ரெண்டு தடவ வெத போயிருச்சி. அத நாம அப்பறம் பாத்துக்கலாம்." வாளியைக் கீழே வைத்தார். "மிச்சம் எம்பது வூட்டுக்கு யாரு சொல்றது?"

அதை நான் யோசித்திருக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்து, யோசிக்காததுபோல் இருந்தேன்.

ஞானஸ்நானத்துக்கு அழைக்கக் கணவர் தொடங்கிய வாட்ஸ்அப் குழு அப்படியே இருந்தது. திங்கட்கிழமை பாப்பா தூங்கும்போது எழுத உட்கார்ந்தேன். பயமுறுத்துவதுபோல் இருக்கக் கூடாது, விளையாட்டாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நர்சரியைக் குறை சொல்லலாமா, என்னிடம் ஆதாரம் இல்லையே. நான்கு முறை எழுதி அழித்தேன். கடைசியில், செடி வைத்த இடத்தில் படத்தில் உள்ளதுபோல் பெரிய நத்தை இருந்தால் தொடாதீர்கள், எங்களுக்குச் சொல்லுங்கள், தவறு எங்களுடையதாக இருக்கலாம், மன்னியுங்கள் என்று அனுப்பினேன்.

கட்டைவிரல்கள் வந்தன. கும்பிடும் கைகள் வந்தன. கணவரின் சித்தி, பாப்பாவுக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்று கேட்டார். ஒருவர் தன் வீட்டுப் பப்பாளி காய்த்திருக்கும் படத்தைப் போட்டு நன்றி சொன்னார். இன்னொருவர், இதைச் சாப்பிடலாமா என்று கேட்டுச் சிரிப்பு முகம் போட்டிருந்தார். செடியை வைக்காமலே காயவிட்டதாக இரண்டு பேர் தனியாக எழுதினார்கள். அவர்களுக்கு மனதார நன்றி எழுதினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு படம் வந்தது. கணவரோடு அலுவலகத்தில் வேலை செய்கிறவர் அனுப்பியது. வீடு வத்தல்மலையில். அவர் செடி வாங்கிப் போனதே எனக்கு நினைவில்லை. படத்தில் நான்கு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டியிருந்தது. கைக்குள் நத்தை, கொம்புகள் வெளியே நீட்டி. குழந்தை சிரிக்கிறது.

கீழே எழுதியிருந்தார்: "இதுங்களா மேடம்? பாப்பா மூணு நாளா வெச்சி வெளையாடிக்கிட்டு இருக்குது. சாமைக் காட்டுலயும் பத்து இருக்குதுங்க. எங்க மலைல இது இருந்ததே இல்லைங்க."

உடனே அழைத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. கணவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். படம் அனுப்பியவர் இந்த வாரம் லீவு, மலையில் சாலை வளைவில் ஒரு இடத்தில்தான் டவர் எடுக்கும், அங்கே வந்து அனுப்பியிருப்பார், மறுபடி எப்போது வருவாரோ என்றார். பாப்பா என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு கையால் எழுதினேன். குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று முதலில். நத்தையைத் தூக்கி வெளியே எறிய வேண்டாம், உப்புத் தண்ணீரில் போடுங்கள் என்று அடுத்து. மூன்று நாளில் வாயில் கை வைத்திருக்காதா என்று தோன்றியது. வாந்தி, தலைவலி, கழுத்துப் பிடிப்பு ஏதாவது இருந்தால் உடனே தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள் என்று மூன்றாவதாக எழுதினேன். இது அவரைத் தேவையில்லாமல் பயமுறுத்துமோ என்று நினைத்தேன். அழிக்கவில்லை.

மாலை வரை பார்த்தேன். மூன்றுக்கும் பக்கத்தில், போய்ச் சேராத ஒற்றை டிக்தான் இருந்தது.