மணல் மூட்டைக்குப் பதிலாக

தேயிலைத் தூசு நெஞ்சில் இறங்கினால் என்ன ஆகும் என்று சலிக்கிற இடத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். கல்யாணமாகி வந்த நாள்முதல் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், எனக்கு அந்த வேலைதான். முதலில் தொண்டை கரகரத்தது, பிறகு இருமல் பிடித்துக்கொண்டது. மலைக்குக் கொழுந்தெடுக்க மாற்றிவிடச் சொல்லி ஸ்டோரை நடத்துகிற டீமேக்கரிடம் கெஞ்சினேன். நுவரெலியா பெரியாஸ்பத்திரி நெஞ்சு டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மாற்ற முடியும் என்று கையை விரித்துவிட்டார். அந்த டாக்டரோ மாதத்தில் ஒரு நாள், காலையில் மட்டும் வருவார். பஸ் பிடிக்க இறங்கும் பாதையில் பாதி தூரம் போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் சீமையிலிருந்து அந்தக் கார் வந்தது. சாம்பல் நிறம், பெயரோ முத்திரையோ கிடையாது. பெரிய பணக்காரர்களுக்காகச் செய்து, விற்பனைக்கு வருமுன் ஓட்டிப் பார்க்க அனுப்பியது. கூட வந்த எஞ்சினியர் துரை, தோட்டத்துப் பெரிய துரையின் பங்களாவில் தங்கினார். எவ்வளவு செங்குத்தான ஏற்றத்திலும் எஞ்சின் உறுமல் உள்ளே இருப்பவர் காதில் விழக் கூடாதாம். பங்களா டிரைவரான என் வீட்டுக்காரர் தினமும் அதை நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏற்றுவார். துரை பின் சீட்டில் கண்ணை மூடி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் புகைக்குழாயைக் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்ப்பார்கள். ஆள் உட்கார்ந்த கனம் வேண்டுமென்று முன் சீட்டில் மணல் மூட்டைகள்.

அந்தக் காரைப் பற்றிப் பேசிப் பேசியே என் வீட்டுக்காரர் என் உயிரை வாங்கினார். "ஓடுதா நிக்குதான்னே தெரியாது புள்ள." எனக்கு எரிச்சலாக வரும். நான் இருமினால் போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொள்கிற மனுஷன் அவர்.

டாக்டர் வருகிற நாள் நெருங்கியது. "அந்த மூட்டைக்குப் பதிலா நான் உக்காந்து வாரேன். தொரைகிட்ட கேளுங்க," என்றேன். பயந்து பயந்துதான் கேட்டார். துரை சிரித்துக்கொண்டே சரி என்றாராம். சத்தம் மட்டும் கூடாது.

ஸ்டோரில் தேயிலைப் பெட்டி நிறுக்கும் தராசில் என்னை ஏற்றினார்கள். மூட்டைகளைவிட நான் கனம் குறைவு. காலடியில் ஒரு சின்ன மூட்டை வைத்துச் சரிக்கட்டினார்கள். "ஈரக் கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரி தண்ணிக் கனம் கழிக்க வேணாமா?" என்று நிறுக்கிறவர் கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் நானும் சிரித்துத் தொலைத்தேன்.

காரில் ஏறியதும் முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டேன். லொறியாக இருந்தால் இருமல் யாருக்கும் கேட்காது. இந்தக் காரில் என் வளையல் உரசுவதே கேட்டது. நானுஓயா ஸ்டேஷன் தாண்டும்வரை எப்படியோ அடக்கினேன். கண்ணில் நீர் முட்டியது. அதற்கப்புறம் வந்த ஏற்றத்தில், துரை கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், இருமல் பீறிட்டது. நிற்கவேயில்லை.

துரை காரை நிறுத்தச் சொன்னார். கோபப்படவில்லை. தானே இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். எனக்குக் கதவு திறந்துவிட்ட ஒரே துரை அவர்தான். இறக்கிவிடத்தான் திறந்தார்.

கனம் குறைந்துவிட்டதே? ரோடு போடக் கொட்டியிருந்த கருங்கற்கள் ஓரத்தில் கிடந்தன. என் வீட்டுக்காரர் சீட்டு அழுக்காகாமல் சாக்கு விரித்து, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் அவற்றை ஒவ்வொன்றாக அடுக்கினார்.

"இங்கனயே நில்லு. திரும்பி வரும்போது ஏத்திக்கிறேன்."

"அதுக்குள்ள டாக்டரு போயிருவாருங்க."

"தொரை சொல்றாருல்ல," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கார் பனிக்குள் ஏறி மறைந்தது. இடையில் ஒரு பஸ் வந்தது. கையைக் காட்டினேன். படியில் தொங்கிய கூட்டத்தோடு நிற்காமல் போனது. மத்தியானம் தாண்டித்தான் அவர்கள் திரும்பினார்கள். துரையின் முகம் மலர்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் கற்களை எடுத்து வெளியே போட்டார்.

"ஏறு புள்ள. டெஸ்ட் முடிஞ்சிருச்சு. இப்ப எவ்வளவு வேணும்னாலும் இருமிக்க."

ஏறினேன். வேறென்ன செய்வது? வழி நெடுக இருமினேன். துரை பின்னால் தூங்கிக்கொண்டு வந்தார்.

அடுத்த மாதம் டாக்டர் வந்தபோது கார் கப்பலேறிவிட்டிருந்தது. பிறகும் பல வருஷம் நான் அந்தத் தூசியிலேயே நின்றேன். துரையை விடுங்கள், அவர் யாரோ. அந்தக் கற்களை அடுக்கிய கைக்குத்தான் நான் இன்றும் சோறு போடுகிறேன், மனசு ஆறாமல்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் அந்தக் காரின் கதையை எடுத்துவிடுவார். "சத்தமே கேக்காதுங்க. இவளும் அதுல வந்திருக்கா, வேணும்னா கேட்டுப் பாருங்க." அவர் சொல்வது சரிதான், சத்தம் கேட்கவில்லை. சத்தத்தைத்தான் நானுஓயா ஏற்றத்தில் இறக்கிவிட்டுப் போனாரே.