ஓட்டுச்சாவடிக்கு வந்த ஊர்

நாற்பத்தாறாம் வருஷம், மாகாணத் தேர்தல் சமயம். நாசரேத்தில் படிப்பை முடித்துவிட்டு, தூத்துக்குடியில் ஒரு சின்ன வாரப் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பகலில் செய்தி எழுதுவேன். சாயங்காலம் கட்சி மேடையில் பேசுவேன். இரண்டும் ஒரே வேலை என்றுதான் அன்று நினைத்திருந்தேன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊரில் கூட்டம். மாதா கோயிலுக்கு முன்னால் மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது. அரிசிக்காக ரேஷன் கடையில் நாள் பூராவும் நிற்கிறீர்களே, அதை மாற்றும் அதிகாரம் உங்கள் கையில்தான் இருக்கிறது என்று தொண்டை கிழியப் பேசினேன். கைதட்டல் அடங்கவே இல்லை.

மேடையை விட்டு இறங்கியதும் ஒரு பெண் வந்தார். தூத்துக்குடிச் சந்தையில் கருவாடு விற்கிறவர். எனக்குப் பழகிய முகம்.

"தம்பி, ஓட்டுப் போட நாங்க எல்லாரும் வரலாமா?"

எனக்குச் சுரீரென்றது. அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஓட்டு கிடையாது. வரி கட்டுகிறவர், சொத்துள்ளவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று பொறுக்கித்தான் கொடுத்திருந்தார்கள். அந்த ஊரில் ஓட்டுள்ளவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இது தெரிந்தேதான் பேசியிருந்தேன். ஆனால் அத்தனை பேர் முகமும் மலர்ந்திருக்கும்போது உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"வாங்கக்கா, எல்லாரும் வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

வந்தார்கள். தேர்தலன்று ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. பெண்கள் திருநாளுக்குக் கட்டும் சேலையைக் கட்டி, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வெயிலில் நடந்தே வந்து சேர்ந்தார்கள். சாவடி அதிகாரி பெயர் கேட்பதும், "உனக்கு ஓட்டு இல்லை, போ" என்பதுமாக ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பினார். நான் கட்சி ஏஜெண்டாக உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். கருவாட்டுக்காரப் பெண்ணின் முறை வந்தது.

"எங்கள வரச் சொன்னதே அவியதான். கேட்டுப் பாருங்கய்யா" என்று என்னைக் காட்டினார்.

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு ஒன்றும் தெரியாது சார்" என்றேன். அந்தப் பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டார்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அன்று மாலையே அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர் அவசரப்படுத்தினார். 'மீனவ மக்கள் ஆண், பெண் அடங்கலும் திரண்டு வந்து நம் வேட்பாளருக்கு வாக்களித்தனர்' என்று எழுதிக் கொடுத்தேன். திரண்டு வந்தது நிஜம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்திரிகை வெளியான பிறகு, அந்தப் பெண் கருவாட்டுக் கூடையோடு எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே ஒரு விவரம் கேட்க வந்திருந்தார்.

"சந்தையில ஒரு அண்ணாச்சி பேப்பர வாசிச்சுக் காட்டுனாவ. நாங்க எல்லாரும் ஓட்டுப் போட்டதா எழுதியிருக்கீயளாமே. அப்ப எங்க ஓட்ட யாரு தம்பி போட்டது?"

உள்ளேயிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் அவரை, "போம்மா, போம்மா" என்று விரட்டினார். நான் கையிலிருந்த தாளைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர் கூடையைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள், திருத்தம் போடலாமா என்று ஆசிரியரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நாமதான் ஜெயிச்சாச்சே, எதுக்கு?" என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

அதன்பின் அரசியலிலும் பத்திரிகையிலும் பல வருஷம் ஓட்டிவிட்டேன். எல்லாருக்கும் ஓட்டு வந்ததையும் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் 'மக்கள்' என்ற வார்த்தையை எழுத வரும்போதெல்லாம், அவர்களில் யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேனா என்று இன்றும் என் கை ஒரு கணம் கூசி நிற்கிறது.